பதக்கத்தின் பின்பக்கம்

மார்ச் 4

அக்கா,

ஃபோனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் சண்டை வருகிறது, எதுவானாலும் இனிமேல் எழுது என்று சொன்னவள் நீ. எழுதுகிறேன். ஸ்டேஷனில் என் பையைத் தூக்கிக் கொடுக்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாயே, அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒரு வரி இருக்காது.

இத்துடன் பதினோரு படங்கள். ஃபோன் திரையைப் பார்த்துச் செதுக்க உன்னால் ஆகாது என்பதால் இங்கே ஒரு ஸ்டூடியோவில் காகிதத்தில் போட்டு வாங்கினேன். வெடித்த விதைக்கூடுகள், ஓட்டைச் சிப்பி, வேரோடு மிதக்கும் கொடி. பிடித்ததை எடுத்துக்கொள். வழக்கம்போல் என் படமும் உன் நகையும் ஜோடியாகக் கடைக்குப் போகட்டும்.

இப்போது நான் கேட்க வந்தது. போன வருஷம் நான் எடுத்த பட்டமரப் படத்தைப் பார்த்து நீ ஒரு வெள்ளிப் பதக்கம் செய்தாய் அல்லவா, அதை நான் கழற்றுவதே இல்லை. போன வாரம் அதே மரத்தின் பக்கம் மறுபடி போனேன். அதன் முன்பக்கத்தைத்தான் எடுத்திருந்தேன். பின்னால் பள்ளம், அப்போது இறங்கவில்லை. இந்த முறை இறங்கிப் பார்த்தேன். உன் பதக்கத்தின் பின்பக்கத்தில் மூன்று பொந்துகள் இருக்கின்றன. மேலே இரண்டு, கீழே ஒன்று, கீழே இருப்பது நீளவாக்கில். மரத்திலும் மேலே இரண்டு, கீழே நீளவாக்கில் ஒன்று. பதக்கத்தைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டுப் பள்ளத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நீ எப்போது இங்கே வந்தாய்? சின்னவனைத் தேடி எனக்குத் தெரியாமல் வந்தாயா? வந்திருந்தால் கோபமில்லை, சந்தோஷம்தான். நம் தம்பி வீட்டை விட்டுப் போய் ஒன்பது வருஷம். இந்த ஏரிப் பக்கம் அவனைப் பார்த்ததாக ஒருத்தர் சொன்னதை நீ நம்பவில்லை என்றாய். நம்பாதவளுக்கு இங்கே என்ன வேலை?

உன் தங்கை

மார்ச் 13

அடி வாலு,

நான் எங்கே வருவது? மாடிப்படி இறங்கித் தபால்பெட்டி வரை போவதற்கே முட்டி இரண்டும் என்னைத் திட்டுகின்றன. உன் ஏரி எந்தத் திசை என்றுகூட எனக்குத் தெரியாது.

பட்ட மரம் என்றால் பொந்து இருக்கும். மூன்று இருக்கும், முப்பது இருக்கும். பறவை கொத்தினது, பூச்சி தின்றது. இதற்குப் போய்ப் பள்ளத்தில் உட்கார்ந்தாயாம். எழுந்து துணியைத் தட்டிக்கொண்டாயா இல்லையா?

எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், பதக்கம் என்பது கழுத்தில் ஒரு பக்கமாகவே கிடக்காது, நடக்கும்போது புரளும். அதனால் பின்பக்கத்தை வழவழவென்று விட்டால் அது நகை இல்லை, தகடு. உன் படத்திலோ ஒரு பக்கம்தான் இருக்கும். மறுபக்கத்துக்கு நான் எங்கே போவேன்? மெழுகைக் கையில் உருட்டிக்கொண்டு, என் வலது கட்டைவிரலை அதன் போக்கில் விட்டுவிடுவேன். தீ விபத்துக்குப் பிறகு அந்த விரலுக்கு உணர்ச்சி கிடையாது என்பது உனக்குத் தெரியும். ஊசியால் குத்தினாலும் தெரியாது. அது என்ன செய்கிறது என்று முடிந்த பிறகு பார்த்தால்தான் எனக்கே தெரியும். பிறகு அந்த மெழுகைச் சுற்றிச் சாந்தைக் கரைத்து ஊற்றி, இறுகியதும் உலையில் வைத்தால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்தக் காலி இடத்தில் வெள்ளியை வார்க்கிறேன். இதில் மாயமும் இல்லை மந்திரமும் இல்லை.

சின்னவனைத் தேடுகிறேன் என்று நீ ஊர் ஊராகச் சுற்றுவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. சொன்னால் சண்டை வரும். உயிரோடு இருப்பவன் ஒன்பது வருஷத்தில் ஒரு வரி எழுதாமலா இருப்பான்? பார், சொல்லிவிட்டேன்.

அக்கா

மார்ச் 24

அக்கா,

துணியைத் தட்டிக்கொண்டேன். விசாரித்ததற்கு நன்றி.

உன் கட்டைவிரலை நான் சோதிக்கப்போகிறேன். இத்துடன் ஒரு பாறையின் படம் இருக்கிறது. ஏரிக்கரையில் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. முன்பக்கம் மட்டும் எடுத்தேன். பிறகு முழங்கால் ஆழத் தண்ணீரில் சுற்றிப் போய்ப் பின்பக்கத்தைப் பார்த்து, அங்கே என்ன இருக்கிறது என்று எழுதி, இந்தச் சின்ன உறையில் போட்டு ஒட்டியிருக்கிறேன். நீ முதலில் பதக்கத்தைச் செய். வெள்ளி வார்த்து, மெருகு போட்ட பிறகு உறையைப் பிரி. முன்னாலேயே பிரித்தால் ஒட்டிய இடம் காட்டிக்கொடுத்துவிடும், நான் உன்னோடு வளர்ந்தவள்.

இந்த ஊரில் காலையில் பத்து மணி வரை பனிமூட்டம். எதிரில் வருகிறவர் பக்கத்தில் வந்தால்தான் தெரிகிறார். ஒவ்வொரு முறையும் அவன்தானோ என்று நின்றுவிடுகிறேன். இரண்டு பேர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

உன் தங்கை

ஏப்ரல் 9

வாலுக்கு,

ஜெயித்துவிட்டேன். அதாவது தோற்றுவிட்டேன், அதனால் ஜெயித்துவிட்டேன்.

உன் பாறையைச் செய்தேன். பின்பக்கத்தில் என் விரல் ஒரு வளையத்தை வைத்தது. படகைக் கட்டுவதற்குப் பாறையில் அறைந்து வைப்பார்களே, அந்த மாதிரி ஒரு இரும்பு வளையம். பார்த்ததும் மெழுகை மேஜையில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன், பொய் சொல்வானேன். வார்த்து, அரம் போட்டு, மெருகு ஏற்றி, பிறகு உன் உறையைப் பிரித்தேன். ‘பாசி. வேறு எதுவும் இல்லை. கையால் தடவிப் பார்த்தேன்’ என்று எழுதியிருக்கிறாய். வளையமும் இல்லை, வளையலும் இல்லை! தனியாக உட்கார்ந்து சிரித்தேன். கீழ் வீட்டு டெய்லர் அம்மா ஏறி வந்து, "என்ன ஆச்சு, யாராவது வந்திருக்காங்களா?" என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பதக்கத்தை இத்துடன் அனுப்புகிறேன். இதோடு இந்தப் பேச்சை விட்டுவிடு.

அக்கா

ஏப்ரல் 21

அக்கா,

வளையம் இருக்கிறது.

உன் பதக்கம் வந்த அன்றே மறுபடி தண்ணீரில் இறங்கினேன். பாசியை நகத்தால் சுரண்டினேன். இருக்கிறது. துரு ஏறித் தடித்துப்போன வளையம். நம் இரண்டு பேருக்கும் முன்னால் யாரோ அறைந்திருக்க வேண்டும், அவ்வளவு பழசு. அந்த இடத்தை முதல் முறை உள்ளங்கையால் தடவினேன் என்று இன்னமும் சத்தியம் செய்வேன். ஆனாலும் இருக்கிறதே. கரையில் வலை காய வைத்துக்கொண்டிருந்தவரைக் கேட்டேன். "எங்க தாத்தா காலத்துலேருந்து அங்கதாம்மா இருக்கு" என்றார். ஆகவே நான்தான் தவறவிட்டிருக்கிறேன். நேரில் நின்ற எனக்குத் தெரியாதது அறைக்குள் உட்கார்ந்திருக்கும் உனக்குத் தெரிந்திருக்கிறது.

இப்போது நிதானமாகப் படி. கிழிக்காதே. இத்துடன் ஒரே ஒரு படம் வைத்திருக்கிறேன். படகுத் துறையில் ஒரு ஆள், முதுகைக் காட்டி நிற்கிறார். பனிமூட்டத்தில் எடுத்தது. வலது தோள் சின்னவனுக்குப் போலவே தாழ்ந்திருப்பதைப் பார். நான் கூப்பிட்டுக்கொண்டே ஓடுவதற்குள் படகு போய்விட்டது. அக்கா, அது அவன்தான். எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு இப்படி ஏழெட்டு முறை தெரிந்து ஏமாந்திருக்கிறேன்.

அந்த ஆளின் முன்பக்கத்தைச் செய்து கொடு. முகத்தை.

மாட்டேன் என்று சொல்ல உனக்கு உரிமை இல்லை. உலையைப் பற்றவைத்துவிட்டு அவன் வெளியே போனது தப்பு, பட்டறை எரிந்தது, உன் விரல் மரத்துப்போனது, எல்லாம் சரி. பத்தொன்பது வயதுப் பையன் ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் அழுதுகொண்டு நின்றான். "இனிமே என் முகத்துல முழிக்காதே"ன்னு சொன்னது நீ. அவன் சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டான், அவ்வளவுதான்.

உன் தங்கை

மே 17

அன்புள்ள தங்கைக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நீ கேட்டபடி செய்துவிட்டேன். தாமதத்துக்கு மன்னித்துக்கொள், உலையில் ஒரு சின்னப் பழுது. பதக்கம் இத்துடன் வருகிறது. பார்த்தால் உனக்கே புரியும். அவர் வேறு யாரோ. ஐம்பது வயது இருக்கும். மூக்கு உடைந்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, இடது கன்னத்தில் ஒரு குழி, புருவங்கள் நடுவில் சேர்ந்திருக்கின்றன. சின்னவனுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. என் விரல் சொல்வதை நம்புவதாக நீதான் எழுதியிருந்தாய்.

இங்கே வெயில் கொளுத்துகிறது. உன் அறையைப் பெருக்கி வைத்திருக்கிறேன். வந்துவிடு.

அக்கா

ஜூன் 2

அக்கா,

நீ ‘அன்புள்ள’ என்று எழுதியதைப் பார்த்ததுமே எனக்குப் பயம் வந்தது. பிறகு பதக்கத்தைப் பார்த்தேன், பயம் போய் வெறுமை வந்தது. இருந்தாலும் மனம் கேட்கவில்லை. படகில் அக்கரைக்குப் போனேன்.

ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன். பழைய படகுகளைச் சுரண்டிப் பெயிண்ட் அடிக்கும் கொட்டகையில் வேலை செய்கிறார். நீ செதுக்கியது அப்படியே அச்சு அசல். உடைந்த மூக்கு, கன்னக்குழி, சேர்ந்த புருவம். நான் வாசலில் போய் நின்றதும் கையிலிருந்த உளியைக் கீழே போட்டார். என்னையே பார்த்தார்.

"என் தம்பியைத் தேடிக்கிட்டு வந்தேன். நீங்கதானோன்னு நினைச்சுட்டேன், மன்னிச்சுக்குங்க" என்றேன்.

அவர், "பார்த்தா அடையாளம் தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டார்.

"கூடப் பொறந்தவனைத் தெரியாமலா?" என்றேன்.

அவர் மூக்கை மெதுவாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். புதிதாக ஒட்டவைத்ததைத் தொடுகிற மாதிரி இருந்தது. அப்புறம் தலையை ஆட்டிவிட்டு உளியை எடுத்துக்கொண்டார்.

கொட்டகை முதலாளி என்னை வெளியே அழைத்துக்கொண்டு போய்ச் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. நல்ல மனுஷன், அஞ்சு வருஷமா இங்கதான் இருக்காரு. மே மாசம் பாதியிலேருந்துதான் இப்படி. ஒரு நாள் காலையில சவரம் பண்ணிக்கிட்டு இருந்தவரு, இது என் மூஞ்சி இல்லேன்னு கத்திக்கிட்டே கண்ணாடியத் தூக்கித் தண்ணியில எறிஞ்சுட்டாரு. நாங்க அவரை என்னிக்கும் இதே மூஞ்சியோடதான் பார்த்திருக்கோம்."

பாவமாக இருந்தது. நான் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தபோது அவரும் பின்னால் வந்தார், நாலு அடி தள்ளி. நான் நின்றால் நின்றார். எனக்குக் கொஞ்சம் அருவருப்பாகக்கூட இருந்தது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பஸ் வந்ததும் ஓடி ஏறிவிட்டேன். பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன், திருப்பம் வரும்வரை கையை உயர்த்திக்கொண்டே நின்றார்.

நீ சொன்னதுதான் சரி. சின்னவன் இல்லை. ஒத்துக்கொள்கிறேன். கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டேன். மாசக் கடைசியில் வருகிறேன்.

உன் தங்கை

ஜூன் 10

வராதே. திரும்பிப் போ. அந்தக் கொட்டகைக்குப் போ. இதைப் படித்து முடிப்பதற்கு முன்னாலேயே கிளம்பு. உன் ஃபோன் அணைந்தே கிடக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பொய் சொன்னேன். உலையில் பழுது எதுவும் இல்லை. உன் படத்தை வைத்துக்கொண்டு மெழுகை எடுத்ததும் பத்து நிமிஷத்தில் முகம் வந்துவிட்டது. அவன் முகம். தாடையில் கொஞ்சம் சதை போட்டிருந்தது, முன்நெற்றி ஏறியிருந்தது, மற்றபடி நம் சின்னவன்தான். கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவன் சும்மா என்னைப் பார்த்தான், ஆஸ்பத்திரியில் பார்த்த அதே பார்வை. இந்த வீட்டு வாசலில் வந்து நின்று இப்படிப் பார்த்தால் நான் எங்கே ஓடி ஒளிவேன் என்று தோன்றியது. அந்த ஒரு நிமிஷக் கோழைத்தனம்தான். மெழுகைத் துண்டு துண்டாக வெட்டிச் சட்டியில் போட்டு உருக்கிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து, கத்தியை எடுத்து, யோசித்து யோசித்து வேறு ஒரு முகத்தைச் செதுக்கினேன். மூக்கை உடைத்தேன். கன்னத்தில் குழி போட்டேன். அவன் ஜாடை எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்தேன். அப்படி ஒரு மனுஷன் எங்கேயும் கிடையாது. மே பதினாலாம் தேதி அதை வெள்ளியில் வார்த்தேன்.

உன் கடிதத்தை வாசித்ததும் அலமாரியைத் திறந்து அம்மா வைத்துவிட்டுப் போன ஆல்பத்தை எடுத்தேன். நாம் மூன்று பேரும் சைக்கிளுக்குப் பக்கத்தில் நிற்கிற படம் ஞாபகம் இருக்கிறதா? நீ இருக்கிறாய், நான் இருக்கிறேன். நடுவில் கோடு போட்ட சட்டையோடு எட்டு வயதுப் பையன் ஒருவன், மூக்கு சாய்ந்து, கன்னத்தில் குழியோடு நிற்கிறான். எல்லாப் படத்திலும் அப்படித்தான். பள்ளிக்கூட அடையாள அட்டையிலும் அப்படித்தான்.

என் விரலுக்கு எல்லாம் தெரிகிறது என்று நாம் இரண்டு பேரும் நினைத்துவிட்டோம். அதற்கு ஒன்றும் தெரியாது. நான் வார்த்த பிறகுதான் அங்கே வளையம் வந்தது. உன் கை பொய் சொல்லவில்லை, நீ முதல் முறை தடவியபோது வெறும் பாசிதான் இருந்தது.

மறுபடி அவன் முகத்தைச் செய்யலாம் என்று நேற்றிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். எப்படித் தொடங்கினாலும் அந்த மூக்குதான் வருகிறது. கண்ணை மூடினால் அவன் பழைய முகம் இன்னும் தெரிகிறது, ஆனால் நேற்றைவிட இன்று குறைவு. அந்தப் பதக்கத்தை உருக்கிவிடாதே, வீசியும் எறியாதே. அதற்கு ஏதாவது ஆனால் அவனுக்கு என்ன ஆகுமோ எனக்குத் தெரியாது. போ. முகத்தைப் பார்த்துத் தயங்காதே. அவனைக் கட்டிக்கொண்டு ஊருக்குக் கூட்டிவா. என்னை அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

அக்கா

ஜூன் 18

போனேன். அவன் இல்லை.

நான் பஸ் ஏறிய மறுநாளே பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டானாம். நான் போன பஸ் எந்தப் பக்கம் போகும் என்று மட்டும் முதலாளியிடம் கேட்டிருக்கிறான். முதலாளிக்குச் சரியாகத் தெரியவில்லை, ஏதோ ஒரு திசையைக் காட்டியிருக்கிறார்.

ஒரு தடவை வாயால் விரட்டினாய். இரண்டாவது தடவை கையால் விரட்டினாய். நானும் சேர்ந்துகொண்டேன், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "பார்த்தா அடையாளம் தெரியுமா"ன்னு என் தம்பி என்னைக் கேட்டான், அக்கா. நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டு விலகிவிட்டு, அவன் பின்னால் வருகிறான் என்று அருவருத்தேன்.

நான் இங்கேயே இருக்கப்போகிறேன். துறை துறையாகப் போய் விசாரிப்பேன். இவனைப் பார்த்தீர்களா என்று கேட்க, உன் பதக்கத்தைத்தான் நீட்ட வேண்டியிருக்கிறது. வேறு படம் என்னிடம் இல்லை.

ஜூன் 23

வாலு,

உன் ஃபோன் இன்னும் அணைந்தே கிடக்கிறது. நீ இருக்கும் இடம் தெரியாததால் பழைய விலாசத்துக்கே எழுதுகிறேன்.

இன்று மத்தியானம் மூன்று மணிக்கு டெய்லர் அம்மா மேலே வந்தார். "காலையிலேருந்து எதிர்ப்பக்கம் ஒரு ஆளு நிக்கிறாரு. யாரையும் ஒண்ணும் கேக்கல. உங்களுக்குத் தெரிஞ்சவரா பாருங்க" என்றார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெருவின் அந்தப் பக்கம், சைக்கிள் கடையின் மூடிய கதவைப் பார்த்து, நம் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவன் நிற்கிறான். காலுக்குப் பக்கத்தில் ஒரு சுருட்டிய பாய். இங்கே வரத் தெரிந்தவனுக்குத் திரும்பி நிற்கத் தைரியம் வரவில்லை. நான் சொன்ன சொல்லை இந்த வாசலில் வந்தும் மீறாமல் நிற்கிறான்.

ஒரு மணி நேரமாக இந்த ஜன்னலில் நிற்கிறேன். உன்னிடம் மறைக்க மாட்டேன், எனக்குப் பயமாக இருக்கிறது. நான் செய்த முகத்தை நான் உயிரோடு பார்க்க வேண்டும். அது பேசும், சாப்பிடும், காலையில் எழுந்து இந்த வீட்டுக்குள் நடமாடும். தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நான் சாக வேண்டும். அவன் பழைய முகம் எப்படி இருந்தது என்று இப்போது யோசித்துப் பார்த்தேன், வரவில்லை. காலையில்கூட இருந்தது.

டெய்லர் அம்மா படியில் காத்துக்கொண்டிருக்கிறார். இதைத் தபாலில் போடச் சொல்லி அவரிடம் கொடுத்துவிட்டு நான் இறங்குகிறேன். தெருவைத் தாண்டிப் போய், அவன் முதுகில் கையை வைத்து, "வாடா, சாப்பிடலாம்" என்று சொல்லப்போகிறேன்.

பெரியக்கா